ஃப்ரான்சஸ் மதுவிடுதி: எந்தப் படம் பழையது?

கேள்வி இதுதான்: "குடும்பத்துப் பழைய பெட்டி ஒன்றில் நியூயார்க் நகரின் ஃப்ரான்சஸ் டாவர்ன் என்ற மதுவிடுதியின் மூன்று படங்கள் கிடைத்தன. முதலாவது கறுப்பு வெள்ளை. மொட்டை மாடியோடு கூடிய ஐந்து தளக் கட்டடம், கீழே பெரிய கண்ணாடி வைத்த பியர் கடை. 'சுமார் 1895' என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது வண்ண அஞ்சலட்டை. அதில் சரிவுக் கூரையும் கூரையிலிருந்து துருத்தி நிற்கிற மாடச் சன்னல்களுமாக அழகான பழைய வீடு. பின்னால் 'வாஷிங்டன் காலத்துத் தோற்றம்' என்று பென்சில் குறிப்பு. மூன்றாவது கலர் போட்டோ. அதே சரிவுக் கூரை வீடு, பின்னால் ஒடுங்கிய சன்னல்களோடு செங்கல் நிறத்தில் உயரமான கட்டடம், இடது ஓரத்தில் தெருவின் எதிர்ப்பக்கம் பலகை வேலி, தெருவில் மஞ்சள் டாக்ஸி, தேதி இல்லை. முதல் இரண்டும் ஒரே கட்டடமா? குறிப்புகள் இடம் மாறிவிட்டனவா? மூன்றாவது எப்போது எடுத்தது?"

ஒரே கட்டடம்தான். குறிப்புகளும் இடம் மாறவில்லை. ஆனால் அஞ்சலட்டையின் பின்னால் எழுதியிருப்பது தவறு. ஐந்து தளப் படம் முந்தியது. பழங்காலத்து வீடு போலத் தெரிகிற படம் பிந்தியது. இந்த மதுவிடுதியின் படங்களைப் பார்க்கிற யாரும் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். நானும் சறுக்கியிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடலாம். வாஷிங்டன் காலத்துப் புகைப்படம் என்று எதுவும் இருக்க முடியாது. டாகேரோடைப் என்ற முதல் புகைப்பட முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல். வாஷிங்டன் 1799இல் இறந்துவிட்டார். அவர் இந்த வீட்டில் விருந்துண்டபோது இருந்த கூரையைக் கேமரா பார்த்ததே இல்லை. கூரை எப்படி இருந்தது என்பதற்கு மிஞ்சிய சான்று மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் உங்கள் அஞ்சலட்டையில் இருக்கிற வீட்டைக் கட்டினார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடம் மன்ஹாட்டனின் தென்கோடி. பேர்ல் தெருவும் பிராட் தெருவும் வெட்டிக்கொள்கிற முனை. இன்றைய முகவரி 54, பேர்ல் தெரு. 1719இல் ஸ்டீபன் டிலான்சி என்ற பிரெஞ்சு வம்சாவளி வணிகர் அங்கே ஒரு வீடு கட்டினார். மனை மாமனார் வழியில் வந்தது. 1762இல் அந்த வீட்டைச் சாமுவேல் ஃப்ரான்சஸ் வாங்கி மதுவிடுதியாக்கினார். அன்றைய பிரிட்டிஷ் ராணி சார்லட்டின் தலை வரைந்த பலகையை வாசலில் மாட்டியதால் 'குவீன்ஸ் ஹெட்' என்று பெயர். 'டாவர்ன்' என்றதும் சாராயக் கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாடு, தங்கல், கூட்டம், பேரம், அரசியல், வழக்கு எல்லாம் நடக்கிற இடம் அது. நியூயார்க் வணிகர் சங்கம் 1768இல் கூடித் தொடங்கியது இந்த வீட்டில்தான். 1775 ஆகஸ்டில் துறைமுகத்தில் நின்ற 'ஏஷியா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நகரத்தை நோக்கிச் சுட்டபோது ஒரு குண்டு இதன் கூரையைத் துளைத்தது. அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து 1783இல் பிரிட்டிஷ் படை நகரத்தைக் காலி செய்துகொண்டிருந்த மாதங்களில், தங்கள் பக்கம் வந்துசேர்ந்த கறுப்பின அடிமைகளில் யார் விடுதலை பெற்றவர்களாகக் கப்பலேறலாம் என்று முடிவு செய்த விசாரணைகளும் இங்கேதான் நடந்தன. அப்படிக் கப்பலேறிய சுமார் 3,000 பேரின் பெயர்கள் எழுதிய பதிவேடு இன்றும் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி வாஷிங்டன் தம் படை அதிகாரிகளிடம் விடைபெற்றது மாடியிலிருந்த நீள அறையில். அந்தக் காட்சியை நாம் அறிவது பெஞ்சமின் டால்மட்ஜ் என்ற அதிகாரி பின்னாளில் எழுதிவைத்த நினைவுக்குறிப்பு வழியாக. தளபதி ஒவ்வொருவரையும் கட்டித் தழுவினார், யாருக்கும் பேச்சு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது என்று அவர் எழுதுகிறார். டால்மட்ஜ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

1785இல் ஃப்ரான்சஸ் வீட்டை விற்றுவிட்டார். வெளியுறவு, போர், நிதி ஆகிய துறைகளின் அலுவலகங்கள் சில காலம் இங்கே வாடகைக்கு இருந்தன. அதன் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் இது ஒரு சாதாரண துறைமுகக் கட்டடம். மாலுமிகளும் சரக்கு வணிகர்களும் வந்துபோகிற தங்கும் விடுதி, கீழே குடிக்கிற இடம். 1832, 1837, 1852 என்று மூன்று முறை தீப்பிடித்தது. 1852 தீக்குப் பிறகு சரிவுக் கூரையை யாரும் திரும்பப் போடவில்லை. போடுவானேன்? வாடகை வரக்கூடிய இடம். இரண்டு தளங்களைக் கூட்டித் தட்டையான மொட்டை மாடி வைத்தார்கள். உங்கள் முதல் படத்தில் இருக்கிற ஐந்து தளம் வந்தது அப்படித்தான்.

அந்தப் படத்தின் தேதி சரியா என்று கேட்டால், கீழ்த்தளத்தைப் பாருங்கள். 1890இல் கடைக்கூடத்தைத் தெரு மட்டத்துக்கு இறக்கி முகப்பை மாற்றினார்கள். அப்போது கழற்றிய பழைய உத்திரங்களை நினைவுப் பொருளாகத் துண்டு துண்டாக விற்றார்கள் என்பது தனிச் சோகம். ஆகவே படியேறி உள்ளே போகிற மாதிரி வாசல் தெரிந்தால் அது 1890க்கு முன். நடைபாதையிலிருந்து நேராகக் கடைக்குள் நுழைகிற மாதிரி பெரிய கண்ணாடிகளோடு இருந்தால் 1890க்குப் பின். உங்களுடையது இரண்டாம் வகை. மேல் எல்லையும் தெளிவு: 1905இல் மீட்டுக்கட்டும் வேலை தொடங்கிவிட்டது. 1890 முதல் 1905 வரை என்று கயிறு இறுகுகிறது. 'சுமார் 1895' என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். தெருவின் மேல் தந்திக் கம்பிகள் இருக்கின்றனவா? கீழ் மன்ஹாட்டனில் ஒரு காலத்தில் வானத்தை மறைக்கிற அளவுக்குக் கம்பிகள் தொங்கின. 1888 மார்ச் பனிப்புயலில் அவை அறுந்து விழுந்து நகரம் திணறிப்போன பிறகு, 1889இல் நகராட்சியே ஆள் வைத்துக் கம்பங்களை வெட்டிச் சாய்க்கத் தொடங்கியது. ஒரே நாளில் எல்லாம் மறைந்துவிடவில்லை என்றாலும், கம்பிக்காடு தெரிகிற படத்தை 1880களில் வைப்பதும் வானம் திறந்திருக்கிற படத்தை 1890களில் வைப்பதும் பெரும்பாலும் சரியாக வரும்.

குதிரை வண்டியை மட்டும் நம்ப வேண்டாம். நான் சறுக்கியது இதில்தான். பல ஆண்டுகளுக்கு முன் இந்த முனையின் படம் ஒன்றில் பீப்பாய் ஏற்றிய குதிரை வண்டியைப் பார்த்துவிட்டு, கட்டடத்தைச் சரியாகக் கவனிக்காமல், '1880கள்' என்று உறுதியாக எழுதிக் கொடுத்தேன். மறுநாள் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், படத்தின் மேல் ஓரத்தில், அட்டைச் சட்டம் மறைத்த இடத்தில், மாடச் சன்னல் ஒன்றின் முக்கோணத் தலை அரை விரற்கடைக்கு எட்டிப் பார்க்கிறது. 1907க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. நியூயார்க்கில் தண்டவாளத்தில் ஓடிய கடைசிக் குதிரை டிராம் நின்றதே 1917இல். சரக்கு வண்டிகள் அதற்கும் பிறகு ஓடின. குதிரைக்கு நாள்காட்டி தெரியாது.

இனி அஞ்சலட்டைக்கு வருவோம். 1900 வாக்கில் இந்தக் கட்டடத்தை இடித்துவிடும் பேச்சு எழுந்தது. 'கார் நிறுத்துமிடம் கட்டுவதற்காக' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1900இல் அமெரிக்கா முழுவதிலும் இருந்த கார்களே சுமார் 8,000 என்பது கணக்கு. அதற்காகத் துறைமுகத்துக்கு அருகே முனை மனையை யார் வீணாக்குவார்கள்? எதற்காகவோ இடிக்க நினைத்தார்கள் என்பது மட்டும் உண்மை. அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்ற பெண்கள் அமைப்பு எதிர்த்தது. நகராட்சி அந்த இடத்தைக் கையகப்படுத்திப் பூங்காவாக்கப் பார்த்தது. கடைசியில் 1904இல் புரட்சியின் மைந்தர்கள் என்ற அமைப்பின் நியூயார்க் கிளை விலைக்கு வாங்கியது. பணம் வந்தது ஃப்ரெடரிக் சாமுவேல் டால்மட்ஜ் என்பவர் உயிலில் விட்டுப்போன சொத்திலிருந்து. இவர் யார் தெரியுமா? நீள அறையின் கண்ணீரை எழுதிவைத்த அந்த அதிகாரியின் பேரன். தாத்தா அழுத வீட்டைப் பேரன் பணம் மீட்டது.

மீட்டுக்கட்டும் பொறுப்பு வில்லியம் மெர்சரோ என்ற கட்டடக் கலைஞரிடம் போனது. அவருக்குக் கிடைத்தது என்ன? எஞ்சிய சுவர்களின் பகுதிகள், கொஞ்சம் மரம், பிற்காலத்தார் ஒட்டியும் பூசியும் வைத்த அடுக்குகள். பழைய கூரையைக் காட்டும் வரைபடம் இல்லை. ஆனால் வேலையின்போது ஒரு தடயம் சிக்கியது. ஒட்டி நிற்கிற பக்கத்துக் கட்டடத்தின் செங்கல் சுவரில் பழைய கூரை சாய்ந்திருந்த கோடு பதிந்திருந்தது. வீட்டை இடித்த பிறகு அடுத்த வீட்டுச் சுவரில் மாடிப்படியின் தழும்பு பல்வரிசை மாதிரி ஏறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரித்தான். அந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு, அதே காலத்து மற்ற வீடுகளைப் பார்த்துச் சாய்வு, மாடச் சன்னல், உச்சியில் கைப்பிடிச் சுவர், பேர்ல் தெரு வாசலில் வெள்ளைத் தூண் முகப்பு எல்லாவற்றையும் வகுத்தார். மேலிருந்த இரண்டு தளங்களை அகற்றினார்கள். 1907 டிசம்பர் 4ஆம் தேதி, விடைபெற்ற அதே நாளில், கட்டடம் திறக்கப்பட்டது.

அதனால்தான் நியூயார்க்கின் கட்டடக்கலைக்காரர்கள் பலர் இதைப் 'பாதுகாத்த கட்டடம்' என்று சொல்லத் தயங்குகிறார்கள். ஊகத்தின் பேரில் புதிதாகக் கட்டியது என்பார்கள். 'மன்ஹாட்டனின் மிகப் பழைய கட்டடம்' என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும்போது ஆட்சேபம் எழுவதும் இதனால்தான். என் கருத்தைக் கேட்டால், மெர்சரோ ஏமாற்றுக்காரர் அல்லர். ஒரு கோட்டிலிருந்து ஒரு கூரையைத் தேடியவர். அந்தக் காலத்தில் வேறு பலர் அந்த ஒரு கோட்டைக்கூடத் தேடியிருக்க மாட்டார்கள். ஆனால் 1852 தீக்கும் 1905க்கும் நடுவே அந்த முனையில் உண்மையாக நின்றது உங்கள் முதல் படத்தில் இருக்கிறது. அழகில்லை, அதனால் யாரும் அதை அஞ்சலட்டையாக வாங்கவில்லை.

உங்கள் அட்டையின் தேதியைப் பின்புறமே சொல்லிவிடும். நடுவே கோடு போட்டு இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி என்று பிரித்திருக்கிறதா? அமெரிக்க அஞ்சல் துறை அப்படிப் பிரித்து எழுத அனுமதித்தது 1907 மார்ச் 1 முதல். அதற்கு முன் பின்புறம் முழுவதும் முகவரிக்கு மட்டும். அனுப்புகிறவர் செய்தியைப் படத்தின் ஓரத்தில் இடுக்கி இடுக்கி எழுத வேண்டும். மீட்ட கட்டடம் திறந்ததே 1907 இறுதியில் என்பதால் இந்த வீட்டைக் காட்டும் அட்டைகள் கோடு போட்டவையாகத்தான் இருக்க வேண்டும். படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டிருந்தால் பெரும்பாலும் 1915க்கும் 1930க்கும் இடையில் அச்சானது. தாளைத் தடவினால் துணி நெய்த மாதிரிச் சொரசொரப்பு இருந்தால் 1930களும் 1940களும்.

சன்னலில் அமெரிக்கக் கொடி பறக்கிறதா? போட்டோவாக இருந்தால் நட்சத்திரங்களை எண்ணலாம். 1908 முதல் 46, 1912 முதல் 48. 48 இருந்தால் ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு. வண்ண அட்டையில் மட்டும் எண்ணி ஏமாற வேண்டாம். அந்த அட்டைகளுக்கு வண்ணம் பூசியவர்கள் கட்டடத்தைக் கண்ணால் பார்த்தவர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அச்சகத்தில் உட்கார்ந்தபடி வானத்தை நீலமாக்குவார்கள், வேண்டாத வண்டியை அழிப்பார்கள், இல்லாத மேகத்தைச் சேர்ப்பார்கள், கொடியில் புள்ளி வைக்கத் தோன்றிய அளவுக்குப் புள்ளி வைப்பார்கள். செங்கல்லின் நிறத்தையும் அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

படம் இடவலமாகப் புரண்டு அச்சாகியிருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. கண்ணாடித் தகடு நெகட்டிவ்களிலும் ஸ்லைடுகளிலும் இது அடிக்கடி நடக்கும். கடைப் பலகை எழுத்து இடவலம் மாறியிருந்தால் குழந்தைக்கும் தெரிந்துவிடும். எழுத்தே தெரியாத படமானால் இந்த முனைக்கு ஒரு சுலபமான வழி உண்டு. எல்லாரும் படமெடுப்பது பிராட் தெருவின் மேற்குப் பக்கம், பேர்ல் தெருவுக்கு வடக்கே நின்று. அங்கிருந்து பார்த்தால் பேர்ல் தெரு முகப்பு இடக்கையிலும் பிராட் தெருப் பக்கம் வலக்கையிலும் வர வேண்டும். மாறியிருந்தால் படத்தைத் திருப்புங்கள். வெயிலும் உதவும்: பேர்ல் தெரு முகப்பு ஏறக்குறைய வடக்குப் பார்த்தது; அது நிழலில் கிடக்கும்போது பிற்பகலில் பிராட் தெருப் பக்கம் பளிச்சென்று தெரியும்.

இப்போது சுற்றுப்புறம். எனக்கு இந்தப் படங்களில் ருசியே இதில்தான். கட்டடம் தன் வயதைப் பற்றிப் பொய் சொல்லும், அக்கம்பக்கம் சொல்லாது.

பேர்ல் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. டச்சுக்காரர்கள் வைத்த பெயர். கரையில் குவிந்து கிடந்த சிப்பி ஓடுகளிலிருந்து வந்தது. பிராட் தெரு அவர்கள் வெட்டிய கால்வாய். 1676இல் ஆங்கிலேயர் அதைத் தூர்த்துத் தெருவாக்கினார்கள். டிலான்சியின் மனையே தண்ணீரைத் தூர்த்து எடுத்த நிலத்தில் இருக்கிறது. அதற்கு அப்பால் மேலும் மேலும் தூர்த்து வாட்டர் தெரு, ஃப்ரன்ட் தெரு, சவுத் தெரு என்று ஒவ்வொன்றாகக் கடலுக்குள் நகர்ந்தார்கள். அதனால் இன்று வாசலில் நின்று "ஏஷியா கப்பலின் குண்டு இங்கே எப்படி வந்தது?" என்று கேட்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. கப்பல் நின்ற தண்ணீர் அப்போது இன்னும் பக்கத்தில் இருந்தது.

1878இல் இந்த வட்டாரத்துக்கு உயர்பாதை ரயில் வந்தது. மூன்றாம் அவென்யூ பாதையின் தென்முனை. அது மதுவிடுதியின் முன்னால் ஓடவில்லை. பின்புறம் ஃப்ரன்ட் தெரு வழியாக வந்து, கோயென்டிஸ் ஸ்லிப் என்ற இடத்தில் பாம்பு மாதிரி இரண்டு முறை வளைந்து பேர்ல் தெருவில் ஏறியது. அந்த வளைவு அந்தக் காலப் படக்காரர்களுக்குப் பிடித்த இடம். பேர்ல் தெரு நெடுகக் கிழக்கே பார்த்து எடுத்த படம் உங்களிடம் இருந்து, தெருவின் கோடியில் இரும்புச் சட்டங்கள் தெரிந்தால் அது 1878க்கும் 1950க்கும் இடைப்பட்டது. 1950இல் இந்தப் பகுதியின் ரயிலை நிறுத்தி இரும்பைப் பிரித்துவிட்டார்கள். இரும்பின் மேல் புகை கக்கும் எஞ்சின் தெரிந்தால் இன்னும் நெருங்கலாம்: 1903க்குள் மின்சாரம் வந்துவிட்டது.

மதுவிடுதி இருக்கிற, நான்கு தெருக்கள் சூழ்ந்த சதுக்கத்திலேயே 1827க்கும் 1833க்கும் இடையில் கட்டிய செங்கல் சரக்குக் கட்டடங்கள் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. உங்கள் முதல் படத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கிற நாலு தள வீடுகள் அந்தச் சாதியைச் சேர்ந்தவை. முதல் படத்தில் மதுவிடுதியும் அவற்றோடு ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒரே முகத்தோடு, கும்பலில் ஒருவராக நிற்கிறது பாருங்கள். இரண்டாவதில் தனித்துத் தெரிகிறது. 1965இல் மதுவிடுதியும் 1978இல் சதுக்கம் முழுவதும் நகரத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இன்று அங்கே வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்போம்.

இனி உங்கள் மூன்றாவது படம். பின்னால் நிற்கிற உயரக் கட்டடம் செங்கல் நிறத்தில், கோட்டைச் சுவரில் அம்பு விடும் துளை மாதிரி ஒடுங்கிய சன்னல்களோடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வாட்டர் தெருவில் 1968இல் எழுந்த 22 மாடிக் கட்டடம். ஒரு வங்கி கணினிகளை வைப்பதற்காகக் கட்டியது. கணினிக்கு எதற்குச் சன்னல்? அதனால்தான் அந்த ஒடுக்கம். ஆகவே படம் 1968க்குப் பின். நகரத்து உரிமம் பெற்ற டாக்ஸிகளெல்லாம் மஞ்சளாக இருக்க வேண்டும் என்ற உத்தரவு 1967இல் வந்தது, அதுவும் ஒத்துப்போகிறது.

மேல் எல்லைக்குப் படத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். பேர்ல் தெருவின் எதிர்ப்பக்கத்தில் பலகை வேலிதான் தெரிகிறது, கட்டடம் இல்லை என்கிறீர்கள். இன்று அந்த இடத்தில் 85, பிராட் தெரு என்ற 30 மாடிக் கோபுரம் நிற்கிறது, 1983இல் முடிந்தது, கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தின் தலைமையகமாக நீண்ட காலம் இருந்தது. அது எழும்பியிருந்தால் உங்கள் படத்தின் இடப்பக்கம் முழுவதையும் விழுங்கியிருக்கும். ஆகவே 1968க்கும் 1980களின் தொடக்கத்துக்கும் நடுவே. கார்களின் வடிவத்தைத் தெரிந்தவரிடம் காட்டினால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இறுக்கிவிடலாம்.

இந்தப் பத்தாண்டில் ஒரு நாள் மட்டும் தனியாக நிற்கிறது. 1975 ஜனவரி 24, மதிய உணவு நேரம். போர்ட்டோ ரிக்கோ விடுதலை கோரிய எஃப்.ஏ.எல்.என். என்ற ஆயுதக் குழு வைத்த குண்டு இங்கே வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இந்த முனையின் 1970களின் படங்களை வாங்கும்போதும் விற்கும்போதும் அதை நினைவில் வைத்திருங்கள். வீட்டு ஆல்பத்தில் உல்லாசப் பயணப் படமாக இருப்பது, வேறொரு வீட்டில் வேறொன்றாக இருக்கும்.

அந்தப் பலகை வேலிக்குள் என்ன நடந்தது என்பதை உங்களிடம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோபுரம் கட்டுவதற்கு முன் 1979–80இல் அங்கே அகழாய்வு செய்தார்கள். நேன் ராத்ஸ்சைல்டு, டயானா வால் என்ற இரண்டு தொல்லியல் அறிஞர்கள் தலைமை. அவர்கள் தேடியது டச்சுக்காரர்களின் நகர மன்றத்தை. அது முதலில் 1640களின் தொடக்கத்தில் நகரத்து மதுவிடுதியாகக் கட்டப்பட்டு, 1653இல் மன்றமாக மாறியது. அது சிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் ஆங்கிலேய ஆளுநர் ஃப்ரான்சிஸ் லவ்லேஸ் 1670இல் கட்டிய இன்னொரு மதுவிடுதியின் அடித்தளம் சிக்கியது. கூடவே குடித்துவிட்டுப் போட்ட பாட்டில் துண்டுகளும், மண் புகைக்குழாய்களின் உடைந்த காம்புகளும் குவியல் குவியலாக. அந்த அடித்தளத்தை இன்றும் நடைபாதையில் பதித்த கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்கலாம். நகர மன்றம் நின்றிருக்க வேண்டிய இடத்தை வேறு நிறச் செங்கல்லால் தரையில் கோலமாக வரைந்திருக்கிறார்கள். கோபுரம் ஸ்டோன் தெருவைக் குறுக்கே வெட்டிவிட்டது. ஆனால் வரவேற்புக் கூடத்தின் வழியாகவே அந்தப் பழைய தெருவின் வளைவு தொடர்கிற மாதிரி அமைத்தார்கள்.

ஆக, தெருவின் ஒரு பக்கம் 1907இல் ஊகித்துக் கட்டிய பழைய மதுவிடுதி. எதிர்ப்பக்கம் கண்ணாடிக்கு அடியில் ஊகமே இல்லாத 1670ஆம் ஆண்டு மதுவிடுதியின் சுவர். வருகிறவர்கள் எல்லாரும் கேமராவை எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அந்தக் கண்ணாடியைச் சரியாகப் படமெடுக்க வந்ததில்லை. வானமும் என் தலையும்தான் விழுகின்றன.

குறிப்புகள் எப்படித் தவறாகின்றன? பெரும்பாலும் கெட்ட எண்ணமில்லை. படத்தில் இருக்கிற பொருளின் வயதையும் படத்தின் வயதையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான். அஞ்சலட்டை விற்றவர் 'வாஷிங்டன் விடைபெற்ற வீடு' என்று அச்சடித்திருப்பார். அதைப் பார்த்த பெரியவர் 'வாஷிங்டன் காலத்து வீடு' என்று எழுதியிருப்பார். ஓவியங்களுக்கும் இதே கதிதான். சாமுவேல் ஃப்ரான்சஸின் உருவம் என்று பல காலம் எல்லாரும் நம்பி நூல்களில் அச்சிட்ட ஓவியம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் அதே ஆளின் இன்னொரு ஓவியம் அகப்பட்ட பிறகு, 2017இல், அது ஃப்ரான்சஸே அல்ல என்று தெரிந்தது. அவருடைய முகம் நமக்குத் தெரியாது. அவருடைய கூரையும் தெரியாது.

நீங்கள் இனி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூன்றையும் நல்ல வெளிச்சத்தில், ஓரங்களையும் பின்புறத்தையும் சேர்த்து, ஸ்கேன் எடுங்கள். அட்டைச் சட்டம் மறைத்த இடத்தைப் பிரிக்க முடிந்தால் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். என் மாடச் சன்னல் அங்கேதான் ஒளிந்திருந்தது. பழைய குறிப்பை அழிக்காதீர்கள், தவறானாலும் அதை எழுதிய கை உங்கள் வீட்டுக் கை. அதற்குக் கீழே, மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்: முதலாவதில் '1890–1905', இரண்டாவதில் '1907 டிசம்பருக்குப் பின்', மூன்றாவதில் '1968–1982'. பேனா வேண்டாம், மை தாளின் மறுபக்கத்துக்கு ஊறிவிடும்.